பாசுரம் எங்கே குடியிருக்கிறது?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே மலையைப் பார்த்துப் போனால் செண்பகத்தோப்பு. சாம்பல் நிற அணில்களுக்காக 1988-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தோடு சேர்ந்த காடு. மலையடியில் பளியர் குடியிருப்பு இருக்கிறது. காட்டுக்குள்ளே, காட்டழகர் என்று ஊரார் கூப்பிடும் சுந்தரராஜப் பெருமாள் கோயில் இருக்கிறது. தேன் எடுக்க, கிழங்கு தோண்ட, மருந்துச் செடியை அடையாளம் காணப் பளியர்களுக்குத் தெரிந்த எதுவும் தலைமுறை தலைமுறையாக ஏட்டில் ஏறாதது. அதே சாலையில் கிழக்கே திரும்பி வந்தால், பதினோரு நிலைக் கோபுரத்தின் அடியில் வேறொரு காட்சி. எழுத்தறிந்த ஓர் ஊர், அச்சுப் புத்தகம் கடைதோறும் கிடைக்கும் ஓர் ஊர், தன் மிகப் பெரிய செல்வத்தை இன்னும் வாயால்தான் ஒப்படைத்து வருகிறது. மார்கழி உற்சவத்தில், ஆழ்வார்களின் பாசுரங்களை மரபாகப் பாடி அபிநயிக்கும் அரையர் தலையில் குல்லாயும் கையில் தாளமுமாக வந்து சேவிக்கும்போது கேட்பவர்கள் மடியில் திவ்யப்பிரபந்தப் புத்தகம் இருக்கலாம். அரையர் கையில் இருப்பது தாளம் மட்டுந்தான்.

தெய்வத்தைப் பற்றிய ஒரு சொல் எங்கே இருக்கிறது? ஏட்டிலா, நாவிலா? பார்வைக்குச் சின்னக் கேள்வி. ஆனால் இதற்குச் சொன்ன விடைகளை ஒட்டித்தான் சமயங்கள் தங்கள் பள்ளிகளை அமைத்தன. யாரை உள்ளே விடுவது, யாரை வாசலில் நிறுத்துவது என்றும் தீர்மானித்தன.

எழுத்து கடவுளுக்காகப் பிறக்கவில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இன்றைய ஈராக்கின் தென்பகுதியில், ஊருக் நகரத்தில், பொ.ஆ.மு. 3300-ஐ ஒட்டி ஈரக் களிமண்ணில் கீறப்பட்ட முதல் குறிகள் கணக்குகள். எத்தனை ஆடு, எவ்வளவு பார்லி, வேலையாளுக்கு எவ்வளவு படி. அந்தக் கணக்கைக் கேட்டது பெரும்பாலும் கோயில் நிர்வாகந்தான். ஆனாலும் அந்தக் கோயிலில் பாடிய துதியை எழுத வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. அது பாடுகிறவர் வாயில் பத்திரமாக இருந்தது. எழுதி என்ன ஆக வேண்டும்? சீனத்தில் கதை கொஞ்சம் வேறு. பொ.ஆ.மு. 1200-ஐ ஒட்டி ஷாங் அரசர்கள் மாட்டெலும்பிலும் ஆமையோட்டிலும் முன்னோரிடம் குறி கேட்ட கேள்விகளைப் பொறித்தார்கள். அங்கும் பொறித்தது கேள்வியையும் நாளையும் பெயரையும். வழிபாட்டுப் பாடலை யாரும் பொறிக்கவில்லை.

தமிழ்நாட்டிலும் இதுதான் நடந்தது. கீழடியில் கிடைத்த பானையோடுகளில் இருப்பவை பெரும்பாலும் ஆட்பெயர்கள்: இது இன்னாருடைய பானை. அங்கே எடுத்த ஒரு மாதிரியைக் கரிமப் பகுப்பாய்வு செய்ததில் காலம் பொ.ஆ.மு. 580 என்று வந்ததாகத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-ல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. எழுத்தின் வயது குறித்து அறிஞர்களிடையே வாதம் தொடர்கிறது. எழுதப்பட்டது பெயர் என்பதில் வாதம் இல்லை. மதுரைக்குப் பக்கத்து மாங்குளத்துக் குகையில் நெடுஞ்செழியனைக் குறிக்கும் தமிழி எழுத்துகள், சமணத் துறவிக்குப் படுக்கை அமைத்துக் கொடுத்ததைச் சொல்கின்றன. செண்பகத்தோப்பு மலைக்கு வடக்கே, தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ல் கண்டெடுத்த நடுகற்கள் இன்னும் நெருங்கிய சாட்சிகள். ஆநிரை கவரும் ஆகோள் பூசலில் மாண்ட ஒருவனுக்கு நட்ட கல், அவன் யார், எந்த ஊர்ப் பூசலில் செத்தான் என்பதை மட்டும் சொல்லி நின்றுவிடுகிறது. அவனைப் பாடியிருந்தால், அந்தப் பாட்டு கல்லுக்கு வரவில்லை. பாட்டு பாணனிடமும் விறலியிடமும் இருந்தது.

யாழ்ப்பாணத்து அறிஞர் க. கைலாசபதி 1968-ல் வெளியிட்ட தமது ஆங்கில நூலில், சங்கப் பாடல்களின் அடியில் இந்த வாய்மொழி மரபு இருப்பதாக வாதிட்டார். பாடல்களில் மீண்டும் மீண்டும் வரும் அடைமொழிகளையும் தொடர்களையும் அவர் அதற்குச் சான்றாகக் காட்டினார். ஹோமரை அப்படி வாசிக்கக் கற்றுக்கொடுத்த அமெரிக்கர் மில்மன் பாரியின் வழியில் வந்த ஆராய்ச்சி அது.

கல் எதை ஏற்றுக்கொள்ளும், வாய் எதை வைத்துக்கொள்ளும் என்ற இந்தப் பங்கீடு, எழுத்து நன்றாகப் பரவிய பிறகும் நெடுங்காலம் நீடித்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் திருப்பதியம் பாட 48 பேரையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் நியமித்தான். அவர்கள் பெயர் கல்லில் இருக்கிறது. நாளொன்றுக்கு ஆளுக்கு மூன்று குறுணி நெல் என்ற கூலியும், ஒருவர் இறந்தால் அந்த இடத்துக்கு யார் வர வேண்டும் என்ற ஏற்பாடும் கல்லில் இருக்கின்றன. அவர்கள் பாடிய பதிகம் அந்தக் கல்வெட்டில் இல்லை. எண்ணாயிரம் என்ற ஊரின் கல்வெட்டிலும் அப்படியே: திருவாய்மொழி விண்ணப்பம் செய்வாருக்கு நெல் ஒதுக்கிய கல், திருவாய்மொழியை எழுதவில்லை. பாடல் பாடகரிடம் இருக்கும். அந்தப் பாடகர் பட்டினி கிடக்காமல் இருக்கவே எழுத்து வேண்டியிருந்தது. கோயில் கல்வெட்டுகளைப் படிக்கிறவர்கள் நிலத்தையும் பொன்னையும் எண்ணும் ஆர்வத்தில் இதைத் தாண்டிப் போய்விடுவது வருத்தமான விஷயம்.

வாய்மொழி என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பது ஒரே பொருளை அன்று. பளியர்களிடமிருந்தே இதைத் தெரிந்துகொள்ளலாம். 1960-களில் தென்மலைப் பளியர்களிடையே தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், அவர்கள் தங்கள் அறிவைப் பாடம் சொல்வதுபோல ஒருவருக்கொருவர் ஒப்புவிப்பதில்லை என்று எழுதினார். ஒவ்வொருவரும் தாமே பார்த்து, செய்து, பட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். அதனால் ஒரே விஷயத்தை இருவரிடம் கேட்டால் விவரம் மாறி வரலாம். அது அவர்களுக்குக் குறையாகவும் படுவதில்லை. எழுத்தில்லாத மக்கள் என்றாலே ஆயிரம் பாட்டை நெஞ்சில் சுமப்பவர்கள் என்று நகரத்தில் உட்கார்ந்து செய்யும் கற்பனையை இந்த ஒரு கவனிப்பே உடைத்துவிடுகிறது. அவர்கள் அறிவு காட்டில் இருக்கிறது. காட்டில் நடக்கும்போது மறுபடி மறுபடி உண்டாகிறது. காட்டுக்குள் நடக்க முடியாமல் போனால் அதுவும் போய்விடும்.

பாரியும் அவர் மாணவர் ஆல்பர்ட் லார்டும் 1930-களில் யூகோஸ்லாவியாவில் பார்த்தது இன்னொரு வகை. எழுதப் படிக்கத் தெரியாத அவ்தோ மெஜெதோவிச் என்ற மாண்டினீக்ரோப் பாடகர் 12,000 அடிகளுக்கு மேல் நீண்ட ஒரு கதைப்பாடலை அவர்களுக்குச் சொன்னார். அந்த மரபுப் பாடகர்கள் சொல்லுக்குச் சொல் அதே பாட்டைத்தான் பாடுவதாக நம்பினார்கள். பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் பாட்டு புதிதாகக் கட்டப்பட்டிருந்தது. நம் ஊர் வில்லுப்பாட்டைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது ஆச்சரியம் தராது.

அரையர் சேவிக்கும் பாசுரம் இந்த இரண்டிலும் சேராது. அங்கே ஓர் எழுத்துக்கூட மாறக் கூடாது. ரிக் வேதம் ஓதுகிறவர்கள் பதம், கிரமம், ஜடை, கனம் என்று சொற்களைப் பிரித்தும் முன்பின்னாக மாற்றிக் கோத்தும் ஓதுவது இந்தக் கட்டுப்பாட்டின் உச்சம். எந்தச் சொல் நழுவினாலும் கோவை அங்கே முறிந்து பிழை வெளியே தெரிந்துவிடும். புணேயின் பண்டார்கர் நிறுவனத்தில் உள்ள ரிக் வேதச் சுவடிகளில் பழமையானதன் காலம் 1464. பாடலுக்கு அதைவிட ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டு வயது அதிகம். அந்த மூவாயிரம் ஆண்டைத் தாங்கியது, சுவடிகளைக் காட்டிலும், பிழையைக் காட்டிக்கொடுக்கும் அந்த ஓதுமுறை.

ஆழ்வார்கள் இந்தக் காவலைப் பாட்டுக்கு உள்ளேயே வைத்துவிட்டார்கள். ஆண்டாளின் நாச்சியார் திருமொழி 143 பாசுரம், திருப்பாவை 30. ஒவ்வொரு திருமொழியும் முடியும் இடத்தில், இதைச் சொன்னவள் வில்லிபுத்தூர்ப் பட்டர்பிரான் மகள் கோதை என்ற செய்தி பாசுரத்தின் யாப்புக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கும். பெயரை எடுத்தால் யாப்பு உடையும். அச்சுப் புத்தகத்தில் ஆசிரியர் பெயர் அட்டையில் இருக்கிறது. அட்டை கிழிந்தால் போயிற்று. பாசுரத்தில் பெயர் போக வேண்டுமென்றால் பாட்டே போக வேண்டும். நம்மாழ்வார் இன்னும் ஒருபடி மேலே போனார். திருவாய்மொழியின் 1,102 பாசுரங்களும் அந்தாதி. ஒன்றின் முடிவு அடுத்ததன் தொடக்கம். கடைசிப் பாசுரம் முதற்பாசுரத்தில் போய்ச் சேரும். நடுவில் ஒரு மணி உதிர்ந்தாலும் மாலை அறுந்தது தெரியும். பத்துப் பாசுரத்துக்கு ஒருமுறை, இது ஆயிரத்துள் ஒரு பத்து என்ற கணக்கும் வரும்.

அந்தக் கணக்குத்தான் பிரபந்தத்தை மீட்டது என்பது வைணவர்களின் குருபரம்பரைக் கதை. காட்டுமன்னார்கோயிலில் நாதமுனிகள் முன்பு வெளியூர் யாத்திரிகர்கள் சிலர் குடந்தைப் பெருமாளைப் பாடிய பத்துப் பாசுரங்களைச் சேவித்தார்கள். முடிவில் ஆயிரத்துள் இப்பத்து என்ற குறிப்பு வந்தது. மீதி எங்கே என்று அவர் கேட்டார். அவர்களுக்குத் தெரியவில்லை. அவர் ஆழ்வார்திருநகரிக்குப் போய், நம்மாழ்வாரின் சீடர் மதுரகவியின் வழியில் வந்த பராங்குசதாசரிடம், மதுரகவி பாடிய கண்ணிநுண் சிறுத்தாம்பைக் கேட்டு, அதைப் பன்னீராயிரம் முறை ஓத, நம்மாழ்வார் காட்சி தந்து நாலாயிரத்தையும் அருளினார் என்பது கதை. தொலைந்த நூலைத் தேடிப் போனவர் சுவடி அறையைத் திறக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் ஓதினார், கேட்டுப் பெற்றார். மீட்டதைத் தம் மருமக்கள் கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவருக்கும் இசையோடு கற்றுக்கொடுத்தார். அரையர்கள் தங்கள் மரபை அங்கிருந்துதான் எண்ணுகிறார்கள்.

சைவர்களின் கதை இதற்கு எதிர்த்திசையில் தொடங்கி இதே இடத்துக்கு வந்து சேர்கிறது. சிதம்பரத்தில் பூட்டிய அறையில் தேவார ஏடுகள் கரையான் அரித்துக் கிடந்தன. நம்பியாண்டார் நம்பியும் சோழ மன்னனும் எஞ்சியதை எடுத்தார்கள். எழுத்து கிடைத்துவிட்டது. பண் தெரியவில்லை. அப்போது திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண் வகுத்தார்கள் என்கிறது திருமுறை கண்ட புராணம். அந்தப் பெண்ணின் பெயரை அறிந்தவர் யாருமில்லை. தேவாரம் இன்று ஓதுவார் வாயில் பண்ணோடு கேட்கிறதென்றால், அந்தக் கதையின்படி, அதற்கு நன்றி அவளுக்கும் சேர வேண்டும்.

கதைகளை அப்படியே வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒரு சமூகம் தன் வேதம் தொலைந்து கிடைத்ததை எப்படிச் சொல்லிக்கொள்கிறது என்பது, அது எதை வேதமாக நினைக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

வாயைப் புகழ்வதில் ஓர் ஆபத்து உண்டு. அதை மறைத்துவிட்டு இந்தப் பேச்சைத் தொடர்வது நேர்மையாகாது. ஏழாம் நூற்றாண்டின் மீமாம்சகர் குமாரிலபட்டர் தந்திரவார்த்திகத்தில் ஒரு கருத்தைச் சொல்கிறார்: எழுத்தைப் பார்த்துக் கற்ற வேதத்தால் தர்ம ஞானம் வராது, சூத்திரரிடமிருந்து பெற்ற வேதத்தாலும் வராது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். சொல் அநாதி, ஒலியில்தான் அது வெளிப்படும் என்ற உயர்ந்த தத்துவமும், இன்னார் காதில் அது விழக் கூடாது என்ற வேலியும் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஏட்டை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படித்துவிடலாம். வாயிலிருந்து காதுக்குப் போவதை மட்டுமே ஆள் பார்த்துக் கொடுக்க முடியும். வேதம் எழுதப்படாமல் இருந்ததற்கு ஒலியின் தூய்மை மட்டுமே காரணம் என்று சொல்வது பாதி உண்மை.

ஆழ்வார்களின் தமிழ் இந்த இடத்தில்தான் பெரிய காரியம் செய்தது. வேளாளர் குலத்தவராக மரபு சொல்லும் நம்மாழ்வாரின் பாட்டை அந்தணரான மதுரகவி கேட்டு, பாடி, பரப்பினார். அதற்குத் திராவிட வேதம் என்றே பெயரிட்டார்கள். ஒரு பெண் பாடிய முப்பது பாட்டை மார்கழி முழுதும் ஊரே ஓதியது, இன்றும் ஓதுகிறது. ஒலியின் மேன்மை இங்கும் உண்டு. மொழி மட்டும் எல்லாருக்கும் புரிகிற மொழி. திறந்த வாய்மொழி என்று ஒன்று இருக்க முடியும் என்பதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரே சாட்சி. அப்படியும், சேவிக்கும் உரிமை ஆண்வழி மரபாகவே வந்திருக்கிறது. தலைவியாகவும் தாயாகவும் முத்துக்குறி பார்க்கும் குறத்தியாகவும் அபிநயம் பிடிப்பவர் ஆண் அரையர். கோதையின் ஊரில் இதை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது.

தங்கள் வேதத்தை எழுதிவைத்த பிற சமயத்தவரைக் கேட்டால், அவர்கள் பெரும்பாலும் அச்சத்தில் எழுதியிருக்கிறார்கள். பொ.ஆ.மு. முதல் நூற்றாண்டில் இலங்கையில் வட்டகாமணி அபயன் காலத்தில் பஞ்சமும் படையெடுப்பும் வந்தன. பௌத்த நூல்களை மனப்பாடமாக வைத்திருந்த பிக்குகள் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நிலையில்தான் மாத்தளையை அடுத்த அலுவிகாரைக் குகைகளில் திரிபிடகத்தை ஏட்டில் எழுதினார்கள். இஸ்லாமிய மரபிலும் இதே காரணம். யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்தவர்கள் பலர் மடிந்தபின், கலீபா அபூபக்கர் ஸைத் இப்னு ஸாபித்தைக் கொண்டு அதை ஒரே தொகுப்பாக எழுத வைத்தார். எழுதிய பிறகும் மனனம் செய்வதை இரு சமயத்தாரும் விடவில்லை. தமிழ்நாட்டு மதரஸாக்களில் இன்றும் முழுக் குர்ஆனையும் ஓதி முடிக்கும் ஹாஃபிழ்கள் உருவாகிறார்கள்.

ஏடு கைக்கு வந்தால் எல்லாம் காப்பாற்றப்பட்டது என்று நினைக்கிறவர்கள் பனையோலையைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் எழுதுவோர் புள்ளியை விட்டுவிடுவார்கள். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு இல்லை. அந்த வேறுபாட்டைக் கொண்டுவந்தவர் பதினெட்டாம் நூற்றாண்டின் வீரமாமுனிவர். காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். சொற்களுக்கு இடையில் இடைவெளி கிடையாது. எரியும் ஏரியும் ஓலையில் ஒரே எழுத்து. எது என்று சொல்ல, அந்தப் பாடலை ஏற்கெனவே காதால் கேட்ட ஒருவர் பக்கத்தில் வேண்டும். ஓலை நினைவூட்டியதே தவிரத் தானாகப் பேசவில்லை.

உ.வே. சாமிநாதையருக்கு நேர்ந்தது இதுதான். 1880-ல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் கேட்டதால் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தபோது, பெரும்புலவரிடம் பாடம் கேட்ட அவருக்கே அது பிடிபடவில்லை. ஏடு இருந்தது, உரை இருந்தது; பாடம் சொல்ல ஆள் இல்லை. பிறகு அதே கும்பகோணத்தில் சிந்தாமணியைத் தங்கள் சமய நூலாக வாசித்துவந்த சமணர்களைத் தேடிப் போனார். அவர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டுத்தான் ஏட்டின் பூட்டு திறந்தது. 1887-ல் அச்சான அந்தப் பதிப்பில் அவர்கள் குரலும் இருக்கிறது.

வைணவ உரைகளின் வரலாறோ ஓலைக்கும் நினைவுக்கும் நடந்த நீண்ட கொடுக்கல் வாங்கல். வைணவ ஆசாரியர் நஞ்சீயர் திருவாய்மொழிக்குத் தாம் எழுதிய ஒன்பதினாயிரப்படியைப் படியெடுக்க ஓர் இளைஞரிடம் கொடுத்தார். அவர் காவிரியைக் கடக்கும்போது வெள்ளத்தில் ஓலைக்கட்டு போய்விட்டது. ஊர் போய்ச் சேர்ந்து, ஆசாரியர் சொல்லக் கேட்டதை நினைவிலிருந்தே முழுதும் எழுதினார். சில இடங்களில் தம் கருத்தையும் சேர்த்தார். படித்துப் பார்த்த நஞ்சீயர் மூலத்தைவிட இது நன்றாக இருக்கிறது என்று மகிழ்ந்து, அவரை நம்பிள்ளை என்று அழைத்தார் என்பது குருபரம்பரை. அந்த நம்பிள்ளை பிறகு திருவரங்கத்தில் பகலில் சொன்னதை வடக்குத் திருவீதிப்பிள்ளை இரவில் எழுதிவைக்க, ஈடு முப்பத்தாறாயிரப்படி உண்டாயிற்று. தம்மைக் கேட்காமல் எழுதியதற்காக ஆசிரியர் அதை வாங்கி வைத்துக்கொண்டார். அதன்பின் தலைமுறைக்கு ஒருவராக ஓராண்வழியாகவே அது இறங்கி, மணவாளமாமுனிகள் காலத்தில்தான் எல்லாருக்கும் கிடைத்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரின் பட்டர்பிரானான பெரியாழ்வாருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அவருடைய திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை எழுதிய உரையில் பெரும்பகுதி செல்லரித்துப் போயிற்று. மணவாளமாமுனிகள் அழிந்த பகுதிக்கு மட்டும் புதிதாக உரை செய்து, பழைய உரை எஞ்சிய இடம் வந்ததும் எழுத்தாணியைக் கீழே வைத்தார். முன்னோர் எழுதியதைத் தாண்டித் தாம் எழுதவில்லை. உரை ஓலையில் மட்டும் இருந்ததால் அழிந்தது. பாசுரம் கோயிலில் தினமும் ஒலித்ததால் ஒரு சொல்லும் குறையாமல் நின்றது.

ஊருக்கு வெளியே சென்றால், ஏடும் நாவும் பிரிந்தால் நேரும் இரு முனைகளையும் காணலாம். பொ.ஆ.மு. 2300-ஐ ஒட்டி, ஊர் என்ற சுமேரிய நகரத்துச் சந்திரக் கடவுளின் தலைமைப் பூசாரியாக இருந்தவள் என்ஹெடுவன்னா. அக்காட் மன்னன் சார்கோனின் மகள். இனன்னா தேவியைப் பாடிய அவள் பெயரில் நிற்கும் துதிகளில் அவள் தன் பெயரையும் துயரையும் சொல்கிறாள். பெயர் தெரிந்த முதல் கவிஞர் உலகத்திலேயே அவள்தான் என்பது பரவலான கருத்து. சில நூறு ஆண்டுகள் கழித்துப் பள்ளிப் பிள்ளைகள் பார்த்தெழுதிய களிமண் பலகைகளில் அந்தத் துதிகள் தங்கின. பிறகு அந்தத் துதிகளின் சுமேரிய மொழி செத்தது. ஆப்பெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களும் பொ.ஆ. முதல் நூற்றாண்டோடு மறைந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுத்தை மறுபடி வாசித்தார்கள். பொருள் கிடைத்தது. அவள் எந்த இசையில் பாடினாள் என்று சொல்ல உலகத்தில் ஒரு காது மிச்சமில்லை. நம் குடுமியான்மலைக் கல்லில் சுரங்களையே பொறித்து வைத்திருக்கிறார்கள். அதையும் பார்த்தவுடன் பாட யாராலும் முடியவில்லை.

மறுமுனை பாங்காக்கில். அரசவைப் பிராமணர்கள் திரியம்பாவாய் விழாவில் ஓதிவந்த தோத்திரங்களில் திருவெம்பாவையின் அடிகள் இருப்பதைத் தமிழறிஞர்கள் கண்டறிந்தார்கள். அங்கே ஒலி பல நூற்றாண்டு நின்றது. பொருள் அறிந்தவர் இல்லை. பொருள் தெரியாத வாயில் உச்சரிப்பும் மெல்ல மெல்லத் திரிந்துபோயிற்று. அந்த விழாவின் பெரிய ஊஞ்சலாட்டமும் 1935-ல் நின்றது.

என்ஹெடுவன்னாவுக்கு ஏடு இருந்தது, நாவு இல்லை. பாங்காக்கில் நாவு இருந்தது, பொருள் சொல்வார் இல்லை. கோதைக்கு ஏடும் நாவும் உரையும் மூன்றும் வாய்த்தன. அவள் ஊரில் பாசுரத்தைச் சேவிக்கிற அரையர் அதற்குத் தம்பிரான்படி வியாக்கியானமும் சொல்கிறார், கையால் பொருளும் காட்டுகிறார். எதிரே தப்பைக் கண்டுபிடிக்கத் தெரிந்த கோஷ்டி உட்கார்ந்திருக்கிறது. பாசுரம் எங்கே குடியிருக்கிறது என்ற கேள்விக்கு விடை இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது. சொல்கிறவரும், கேட்கிறவரும், தவறினால் திருத்துகிறவரும், சந்தேகம் வந்தால் பார்க்க ஓர் ஏடும் சேர்ந்த இடத்தில் அது இருக்கிறது. நான்கில் எது விலகினாலும் மற்றவை தாங்கும் காலம் கொஞ்சந்தான்.

இந்த ஏற்பாடு இன்று மெலிந்திருக்கிறது. முழு அரையர் சேவை நடக்கும் பெருங்கோயில்கள் திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி, மேல்கோட்டை என்று விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டன. ஒலிப்பதிவு செய்து வைத்துவிட்டால் போதும் என்று சொல்வது எளிது. பதிவு செய்யத்தான் வேண்டும். ஆனால் பதிவு, பிழை செய்யும் பிள்ளையை நிறுத்தி மறுபடி சொல்ல வைக்காது. இராசராசன் செய்த வேலையைத்தான் இப்போதும் செய்ய வேண்டும்: சேவிக்கிறவர் குடும்பம் கௌரவமாக வாழ அறநிலையத் துறையும் பக்தர்களும் வழிசெய்ய வேண்டும். செண்பகத்தோப்பிலும் இதே நியாயம் பொருந்தும். பளியர் முதியவர்களின் அறிவைப் புத்தகமாக்கினால் மட்டும் அது தங்காது. அவர்கள் பிள்ளைகள் பெரியவர்களோடு காட்டில் நடக்கும் உரிமை தொடர வேண்டும்.

மார்கழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறவர்கள் தரிசனம் முடிந்ததும் பேருந்துக்கு ஓடாமல், அரையர் சேவை முடியும்வரை உட்கார்ந்து கேளுங்கள். வீட்டுக்குத் திரும்பி, திருப்பாவை முப்பதையும் ஒரு பிள்ளைக்கு வாயால் சொல்லிக்கொடுங்கள். சொல்லும் பாட்டின் பொருளையும் சொல்லுங்கள். பிள்ளை தப்பாகச் சொன்னால் அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள்.